நந்தனுக்குப் பாட்டு இல்லை

2024 பிப்ரவரி 24, மாசி மகம். திருவொற்றியூர் தியாகராசர் கோயிலில் மாசித் திருவிழா. சனம் கோயிலுக்கும் கடலுக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தது. நான் சடையங்குப்பத்தில் எங்கள் தெருவை விட்டு நகரவில்லை. முந்தின டிசம்பர் வெள்ளத்தில் ஊறிப்போன சுவருக்கு அன்றைக்குத்தான் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தோம்.

தெருக்கோடியில் ஒரு லைன் வீடு. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர். கன்டெய்னர் யார்டில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்கிற உத்தரப் பிரதேசத்துப் பையன்கள். ராத்திரி ஷிப்டுக்குப் போன இரண்டு பேர் நீங்கலாக மற்ற நாலு பேரும் சுவரில் ஒரு படத்தை மாட்டி, மாலை போட்டு, அல்வா கிண்டிவைத்து, பிளாஸ்டிக் குடத்தைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். படத்தில் வெண்தாடிக் கிழவர் ஒருவர். கையில் செருப்பு, பக்கத்தில் தோலும் குத்தூசியும். குரு ரவிதாஸ். காசியில் செருப்புத் தைத்தவர், சமார் சாதி, 15, 16ஆம் நூற்றாண்டுக்காரர். அவர் பிறந்த நாளை வடக்கே மாக பௌர்ணமியில் கொண்டாடுகிறார்கள். அந்த வருஷம் அது நம் மாசி மகத்தோடு ஒரே நாளில் வந்துவிட்டது.

என்னையும் உட்காரவைத்து அல்வா கொடுத்தார்கள். "இது அவரே எழுதின பாட்டு அண்ணா" என்றான் ஒருவன். அவன் இங்கே வந்து நாலு வருஷம் ஆகிறது, தமிழ் பேசுவான். பாட்டு முடிந்ததும் கேட்டான்:

"உங்க ஆளுங்கள்ல இந்த மாதிரி சந்த் யாரும் இல்லியா?"

"இருக்காரு. நந்தனார்."

"அவரு பாட்டு ஒண்ணு பாடுங்க."

வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த நந்தனார் பாட்டெல்லாம் கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதியது. அவர் பார்ப்பனர். நந்தன் பாடியதாக ஒரு வரி கூட நமக்கு இல்லை. பன்னிரு திருமுறையில் தேடினாலும் கிடைக்காது. தமிழ் எம்.ஏ. படித்து, பெரியபுராணத்தில் ஆய்வேடும் எழுதியவன் நான். இந்த வெறுமை அன்று வரைக்கும் எனக்கு உறைக்கவே இல்லை.

என் ஆயாவுக்கு அது எப்போதோ உறைத்திருந்தது. சின்ன வயசில் டி.வி.யில் நந்தனார் படம் ஓடியபோது ஆயா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "நெருப்புல எறங்குனான், உள்ள போனான், போனவன் திரும்பி வரலன்ற. அப்பால இந்தக் கதைய எவன்டா வந்து சொன்னது?"

நந்தன் கதை பற்றி நான் படித்த எந்த ஆய்வும் இதைவிடச் சரியான கேள்வியைக் கேட்கவில்லை.

2

உள்ளே போனவன் சொல்லவில்லை. வாசலில் நின்றவர்கள்தான் சொன்னார்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைக் காலவரிசையில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் சுந்தரர். எட்டாம் நூற்றாண்டை ஒட்டியவர். எங்கள் திருவொற்றியூருக்கு வந்து சங்கிலியாரை மகிழமரத்தடியில் மணந்து, சத்தியத்தை மீறிப் போய்க் கண்ணை இழந்தவர் என்று புராணம் சொல்கிற அதே சுந்தரர். திருத்தொண்டத்தொகையில் அவர் தருவது திருநாளைப்போவார் என்கிற பெயரும் அவர் செம்மையானவர் என்கிற ஒரு சொல்லும் மட்டுமே. சாதி, தீ, தில்லை எதுவும் அதில் இல்லை.

அடுத்து நம்பியாண்டார் நம்பி. அவருடைய திருத்தொண்டர் திருவந்தாதியில் ஒரு பாட்டு. ஆதனூர் வருகிறது, தில்லை வருகிறது. புலைத்தன்மை போய் முனிவர் ஆனதும் தில்லை மூவாயிரவர் கைகூப்பியதும் வருகின்றன. இங்கேயும் தீ கிடையாது. நந்தன் என்ற பெயரும் கிடையாது.

மூன்றாவது சேக்கிழார். பன்னிரண்டாம் நூற்றாண்டு, சோழப் பேரரசின் அதிகாரி, குன்றத்தூர் வேளாளர். முப்பத்தேழு பாடல்கள். நந்தனார் என்ற பெயரை இங்கேதான் பார்க்கிறோம். கனவில் வந்த சிவன் தீயில் மூழ்கி வரச் சொல்கிறான். தில்லை அந்தணர்களின் கனவிலும் போய்த் தீ வளர்க்கச் சொல்கிறான். தெற்கு வாசலுக்கு வெளியே குழி வெட்டித் தீ மூட்டுகிறார்கள். நந்தன் இறங்குகிறான். பழைய உடம்பு போய்ச் சடையும் வெண்ணூலும் தரித்த முனிவனாக எழுகிறான். உள்ளே போகிறான், மறைகிறான்.

நாலாவது கோபாலகிருஷ்ண பாரதியார். 1860களின் தொடக்கத்தில் அச்சான நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. இப்போது ஒரு வேதியர் வருகிறார், நந்தனுடைய ஆண்டை. சிதம்பரம் போக உத்தரவு கேட்கும் பண்ணையாளிடம் நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். சிவன் அருளால் ஒரே ராத்திரியில் பயிர் விளைந்து நிற்கிறது. ஆண்டை காலில் விழுகிறார்.

இந்த நாலையும் அடுக்கிப் பார்த்தால் ஒன்று விளங்கும். சுந்தரரிடம் பெயர். நம்பியிடம் புலை போதல். சேக்கிழாரிடம் தீயும் பூணூலும். பாரதியாரிடம் பண்ணை. காலம் போகப் போகக் கதை பெரிதாகிறது. ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்தது அந்தந்தக் காலத்து அதிகாரத்துக்குத் தேவையான சரக்கு. சோழர் காலத்துச் சைவத்துக்கு எல்லாச் சாதியையும் உள்ளே இழுத்துக்கொள்கிற கதை வேண்டும், ஆனால் கோயில் வாசல் தீட்டாகக் கூடாது. இரண்டுக்கும் வழி செய்தது தீ. அடியாராக ஏற்றுக்கொண்டாயிற்று. சேரிக்காரனாக உள்ளே விடவும் இல்லை.

கல்லூரியில் எங்களுக்கு இந்தப் பகுதியை நடத்திய பேராசிரியர் 'சைவத்தில் சாதி இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா' என்று கேட்டார். வகுப்பில் எங்கள் தெருக்காரன் நான் ஒருத்தன்தான். அன்று பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்: சாதி இல்லையென்றால் எரிந்தது எது? உடம்பு எரிந்து பூணூல் வந்தால்தான் உள்ளே போகலாம் என்பது சாதிச் சட்டத்தின் முழு வாசகம். அதில் ஒரு எழுத்துக்கூடத் தள்ளுபடி ஆகவில்லை.

பாரதியாருக்கு ஒரு நியாயம் செய்தாக வேண்டும். தஞ்சைப் பண்ணையாளின் அடிமைத்தனத்தை அந்தக் கதைக்குள் முதலில் கொண்டுவந்தவர் அவர். உத்தரவு கேட்டு நிற்கிற நந்தனின் கெஞ்சலில் அந்தக் காலத்துச் சேரி தெரிகிறது. அந்தக் கெஞ்சல் பொய் இல்லை. ஆனால் சிக்கல் அவிழும் இடத்தைப் பாருங்கள். நாற்பது வேலி வேலையைச் சிவன் செய்துவிடுகிறான். உழைக்கிறவனுக்கும் ஆண்டைக்கும் நடுவில் இருந்த கணக்கை அற்புதம் விழுங்கிவிட்டது. கூலி என்ற பேச்சே எழவில்லை. காந்தி நந்தனைச் சத்தியாக்கிரகத்துக்கு உதாரணமாகத் திரும்பத் திரும்பச் சொன்னதும் இந்த நந்தனை வைத்துத்தான். கேட்டு நிற்பவன், பொறுத்து நிற்பவன், தன்னையே எரித்துக்கொள்பவன்.

பிறகு சினிமா. 1935 படத்தில் நந்தனாக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். லட்ச ரூபாய் சம்பளம் என்று அந்தக் காலத்தில் ஊரே பேசியது. 1942 ஜெமினி படத்தில் தண்டபாணி தேசிகர். இரண்டு படத்திலும் நந்தனாக நடித்தவர் சேரிக்காரர் இல்லை. வேஷம், குரல், பாட்டு எல்லாமே இரவல்.

3

காசிக்காரர் கதையும் இப்படித்தான் தொடங்குகிறது. நாபாதாசரின் பக்தமாலைக்கு 1712இல் பிரியாதாசர் எழுதிய உரையில் ரவிதாசுக்கு ஒரு பூர்வ கதை உண்டு. முற்பிறவியில் அவர் ராமானந்தரின் பார்ப்பனச் சீடர். சமார்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த வியாபாரியிடம் பிச்சை வாங்கி வந்த குற்றத்துக்காகச் சமார் வீட்டில் பிறந்தார். பிறந்த குழந்தை சமார்த் தாயின் பாலைக் குடிக்க மறுத்தது, ராமானந்தர் வந்து சொன்ன பிறகுதான் குடித்தது. வளர்ந்த பிறகு, கூட உட்கார்ந்து சாப்பிட மறுத்த பார்ப்பனர்களுக்குத் தன் மார்பைப் பிளந்து உள்ளே இருந்த பொன் பூணூலைக் காட்டினார்.

சிதம்பரத்தில் தீயிலிருந்து வந்தது காசியில் நெஞ்சுக்குள்ளிருந்து வருகிறது. இரண்டும் ஒரே நூல்தான். ஆயிரம் மைல் தள்ளி, வேறு மொழியில், வேறு சாமியை வைத்துக் கதை சொல்கிறவர்களுக்கு ஒரே யோசனை வந்திருக்கிறதே, எப்படி? காப்பி அடித்திருக்க மாட்டார்கள். கேள்வி ஒன்றாக இருந்ததால் பதிலும் ஒன்றாக வந்தது. 'இவ்வளவு உயர்ந்தவன் எப்படி அங்கே பிறந்தான்?' என்ற கேள்விக்கு அவர்கள் சாத்திரத்தில் இரண்டே விடை. ஒன்று, அவன் முன்பே பார்ப்பனன். இல்லையா, பிறகு பார்ப்பனன் ஆனான். அந்தப் பால் குடிக்காத கதை பூணூலையும்விடக் கேவலமானது. ஒரு தாயின் முலையைத் தீட்டு என்று பெற்ற பிள்ளையை வைத்தே சொல்ல வைத்திருக்கிறார்கள்.

இதுவரைக்கும் இரண்டு கதையும் ஒரே பாதையில் வருகின்றன. பிரிகிற இடம் இனிமேல்தான். ரவிதாசுக்குப் பாட்டு இருக்கிறது. சீக்கியரின் குரு கிரந்த சாகிப்பில் சுமார் நாற்பது பாடல்கள் அவர் பெயரில் உள்ளன. தான் சமார் என்பதை அவற்றில் அவர் ஒளிக்கவில்லை, திரும்பத் திரும்பச் சொல்கிறார். தன் குடும்பத்தார் காசியைச் சுற்றிச் செத்த மாடு இழுக்கிறவர்கள் என்று வெளிப்படையாகப் பாடுகிறார். இன்னொரு பாட்டில் பேகம்புரா என்ற ஊரைப் பாடுகிறார். பேகம்புரா என்றால் துயரம் இல்லாத ஊர். அங்கே வரி கிடையாது, பயம் கிடையாது, இரண்டாம் தரம் மூன்றாம் தரம் என்று யாரும் இல்லை. இஷ்டப்பட்ட இடத்துக்கு யாரும் தடுக்காமல் நடக்கலாம். இதைச் செத்த பிறகு போகிற மோட்சம் என்று சுருக்கிவிட முடியாது. வரியும் நடைபாதையும் இந்த உலகத்து விஷயங்கள். கெயில் ஓம்வெத் 2008இல் சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர்களைப் பற்றி எழுதிய நூலுக்கு இந்த ஊரின் பெயரையே வைத்தார்.

மார்பைப் பிளந்த கதையை நம்ப மறுக்கிறவன் கையில் பிடித்துக்கொள்ள ஒரு ஆதாரம் இருக்கிறது. 'என் குரு தன் வாயால் இப்படிச் சொன்னார், நீ சொல்றது பொய்' என்று அவன் சொல்லலாம். நம்மால் நந்தனை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

4

அந்தப் பாட்டுகளை வைத்துக்கொண்டு அந்தச் சனம் என்ன செய்தது என்பது நம் பக்கம் அதிகம் தெரியாத வரலாறு. அமெரிக்காவில் கதர் இயக்கத்தில் இருந்துவிட்டுத் திரும்பிய மங்கு ராம் 1926இல் பஞ்சாபில் ஆத் தர்ம் இயக்கத்தைத் தொடங்கினார். நாங்கள் இந்துவும் இல்லை, சீக்கியரும் இல்லை, முஸ்லிமும் இல்லை, இந்த மண்ணின் ஆதிக் குடிகள், எங்களுக்குத் தனி மதம் உண்டு என்றார். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்களை ஆத் தர்மிகள் என்று பதிந்துகொண்டார்கள். ஜலந்தருக்குப் பக்கத்தில் பல்லான் என்ற ஊரில் இருக்கும் தேராவைச் சேர்ந்தவர்கள் காசியில் சீர் கோவர்த்தன்பூரை ரவிதாஸ் பிறந்த இடமாகக் கண்டு 1965இல் கோயிலுக்கு அடிக்கல் வைத்தார்கள். தோல் பட்டறையில் உழைத்த காசும், வெளிநாட்டு ஆலைகளிலும் டாக்சிகளிலும் உழைத்த காசும் அங்கே போய்ச் சேர்ந்தது.

2009 மே 24. ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்தில் ரவிதாஸ் கோயிலுக்குள் ஆயுதங்களோடு ஒரு கும்பல் புகுந்தது. பல்லான் தேராவின் சந்த் ராமானந்த் கொல்லப்பட்டார், தலைவர் சந்த் நிரஞ்சன் தாஸ் காயப்பட்டார். பஞ்சாப் பற்றி எரிந்தது. எட்டு மாதம் கழித்து, 2010 ஜனவரி 30, ரவிதாஸ் ஜயந்தி நாளில், காசியில் வைத்து அறிவித்தார்கள்: எங்கள் மதம் ரவிதாசியா தர்மம், எங்கள் நூல் அமிர்தபாணி. குரு கிரந்த சாகிப் இருந்த இடத்தில் ரவிதாசின் பாடல்கள் மட்டும் கொண்ட புத்தகத்தை வைத்தார்கள்.

இதை எல்லா ரவிதாசிகளும் ஒத்துக்கொள்ளவில்லை. குரு கிரந்த சாகிப்பை விட மனசில்லாதவர்கள் நிறையப் பேர். அது அவர்களுக்குள் நடக்கிற வழக்கு. நான் சொல்ல வருவது வேறு. அடி விழுந்தபோது அவர்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று புத்தகத்தைத் தங்கள் கையில் எடுத்தது. தொகுப்பவன் யாரோ அவனுக்கே குரு சொந்தம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

5

அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட தீண்டப்படாதவர்கள் பற்றிய நூலை மூன்று பேர் நினைவுக்குச் சமர்ப்பித்தார்: நந்தனார், ரவிதாஸ், சோகாமேளா. மதம் மாறுவேன் என்று 1935இலேயே அறிவித்துவிட்டவர், பக்தியில் விடுதலை இருக்கிறது என்று நம்பாதவர், ஏன் இந்த மூவரைத் தேர்ந்தார்? தீண்டாமைக்குள் பிறந்தவர்கள் குணத்தால் ஊரையே மதிக்க வைத்தார்கள் என்ற சாட்சிக்காக என்று நான் வாசிக்கிறேன்.

மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சோகாமேளா பதினான்காம் நூற்றாண்டு மகார். பண்டரிபுரம் கோயிலுக்குள் விடப்படாதவர். மங்களவேதாவில் சுவர் இடிந்து செத்தார் என்கிறது மரபு. சமாதி இன்றும் கோயில் படிக்கட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. ஆனால் அவருக்கு அபங்கங்கள் இருக்கின்றன. அவர் மனைவி சோயராபாய்க்கும் இருக்கின்றன. தீட்டில் பிறக்காத உடம்பு எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள் அந்தப் பெண். ரவிதாசுக்குப் பாட்டு, சோகாவுக்குப் பாட்டு. நந்தன் மட்டும் ஊமை.

பாட்டு இருந்தால் மட்டும் போதுமா என்றால் போதாது. நம் திருப்பாணாழ்வாருக்குப் பத்துப் பாசுரம் இருக்கிறது. பத்தும் அரங்கன் அழகைத்தான் பாடுகின்றன. பாணர் சேரி அதில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கதையில் அவர் லோகசாரங்க முனிவரின் தோளில் ஏறித்தான் கோயிலுக்குள் போகிறார். அந்தக் கால் அப்போதும் கோயில் தரையில் படவில்லை.

ஆக நம் முன்னோடிகள் ஊமை நந்தனை வைத்துக்கொண்டுதான் போராட வேண்டியிருந்தது. அயோத்திதாசப் பண்டிதர் கதையையே தலைகீழாகப் புரட்டினார். இந்திரர் தேச சரித்திரத்தில் நந்தன் பண்ணையாள் இல்லை, பௌத்த அரசன். வேஷப் பார்ப்பனர்களைக் கேள்வி கேட்டவன், சூழ்ச்சியால் கொல்லப்பட்டவன். அதைச் சரித்திரச் சான்று கேட்டு மடக்குவது சுலபம். ஆனால் சேக்கிழாருக்கு எந்தச் சான்றும் கேட்காதவன் பண்டிதரிடம் மட்டும் கேட்கிறான் என்பதைக் கவனியுங்கள். சுவாமி சகஜானந்தர் வேறு வழியில் போனார். 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளிக்கூடம் தொடங்கினார். எரித்த ஊரிலேயே எரிக்கப்பட்டவன் பெயரில் பிள்ளைகளுக்கு எழுத்து. சைவத்துக்குள்ளேயே நின்றார் என்று அவரை ஒதுக்கினவர்களில் நானும் ஒருத்தன். இப்போது அப்படித் தோன்றவில்லை. எழுத்து இல்லாத நந்தனுக்கு எழுத்தைக் கொடுத்தவர் அவர்.

இலக்கியக்காரர்களும் சும்மா இல்லை. 1934இல் புதுமைப்பித்தன் 'புதிய நந்தன்' எழுதினார். காந்தியம், சுயமரியாதை, பழைய சேரிக் கிழவன் மூவரையும் ரயிலில் அடிபட வைத்து முடித்தார். இந்திரா பார்த்தசாரதி 1978இல் 'நந்தன் கதை' நாடகத்தில் தீயைச் சதியாகவே காட்டினார். தைரியமான காரியம்தான். ஆனாலும் இரண்டிலும் நந்தன் சாகத்தான் செய்கிறான். அனுதாபம் உள்ளவன் எழுதினாலும் கடைசியில் நாம் பிணம். நந்தன் உயிரோடு வீடு திரும்பி வந்து உட்கார்ந்து பேசுகிற காட்சியை எழுத யாருக்கும் தோன்றவில்லை.

அந்தத் தீ பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2022இல் அதே சிதம்பரத்தில் கனகசபையில் ஏறப்போன தலித் பெண் ஒருவரைத் தடுத்து இழிவாகப் பேசித் தாக்கியதாகத் தீட்சிதர்கள் மீது வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. கனகசபையில் நின்று யாரும் கும்பிடலாம் என்று அந்த வருஷம் மே மாதம் அரசாணை போட வேண்டி வந்தது.

6

அப்படியானால் நந்தனைத் தூக்கிப் போட்டுவிடலாமா? 90களிலேயே நம்மில் பலர் அப்படிச் சொன்னார்கள். 'நந்தன் அடிமைத்தனத்தின் சின்னம், அவன் நமக்கு வேண்டாம்.' அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் சேக்கிழாரை எறிவதற்கு முன்னால் அவர் தன்னை அறியாமல் எழுதிவைத்ததைப் பறித்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

அந்த முப்பத்தேழில் முன்பகுதிப் பாடல்களைப் படியுங்கள். ஆதனூர்ச் சேரி வருகிறது. கூரைக் குடிசைகள், மேலே படர்ந்த சுரைக்கொடி. மருதமர நிழலில் சின்னத் தோலை விரித்துப் பிள்ளையைத் தூங்கப் போடுகிற உழத்தி. வஞ்சி மரத்தடியில் புதைத்த பானையில் அடைகாக்கும் கோழி. மாமரக் கிளையில் தொங்குகிற பறை. தென்னையடிப் பொந்தில் குட்டி போட்ட நாய். இரும்பு வளையம் போட்ட கறுத்த பையன்கள். அவருக்கு இது இழிந்த இடம்தான். ஆனால் கை உண்மையை எழுதிவிட்டது. அந்தத் தெருவில் பட்டினியும் இருக்கிறது, தாலாட்டும் இருக்கிறது. பாவத்தின் சுவடு ஏதும் இல்லை. சோழர் காலத்துச் சேரியை இவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்த்த இன்னொரு தமிழ்ப் பிரதியை நான் படித்ததில்லை.

அடுத்து நந்தன் செய்த வேலை. பேரிகைக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, பூசைக்குக் கோரோசனை. இவை எல்லாம் எங்கே போகின்றன? கோயிலுக்குள். அவன் பதப்படுத்திய தோல் உள்ளே போய் முழங்குகிறது. அவன் முறுக்கிய நரம்பு உள்ளே போய் இசைக்கிறது. மாட்டின் பித்தப்பையிலிருந்து எடுத்துத் தந்த கோரோசனை சாமி மேலேயே ஏறுகிறது. அவன் மட்டும் மதிலுக்கு வெளியே. திருப்புன்கூரில் அவனுக்காக நந்தி விலகியது என்பதை எல்லாரும் பேசுகிறோம். அங்கே அவன் ஒரு குளம் வெட்டினான் என்பதையும் சேக்கிழார் சொல்கிறார். அதை யாரும் பேசுவதில்லை. நந்தி விலகியதைவிட அந்தக் குளம்தான் நம்பத் தகுந்தது.

தீயின் பொய் இங்கேதான் அம்பலமாகிறது. தோல் தீட்டு என்றால் பேரிகையை முதலில் எரித்திருக்க வேண்டும். எரிக்கவில்லை. உழைப்பை வாங்கிக்கொண்டு உழைத்தவனை எரித்தார்கள். இது எங்கள் பக்கத்துச் சனத்துக்கு விளக்கவே வேண்டாம். மணலி, எண்ணூர்ப் பக்கமிருந்து நகரத்துக்குப் பெட்ரோல் போகிறது, உரம் போகிறது, கரண்டு போகிறது, துறைமுகச் சரக்கு போகிறது. கொசஸ்தலையாறு பெருகினால் தண்ணீர் மட்டும் எங்களிடம் நிற்கிறது.

பாட்டு இல்லாத நந்தனுக்கு இதுதான் சாட்சியம்: தோல், வார், நரம்பு, குளம். அவன் பக்தியைத் தில்லை எடுத்துக்கொள்ளட்டும். வேலை நம்முடையது.

7

நம் பக்கம் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ரவிதாசிகளைப் பார்த்து நாமும் குருவை உட்காரவைத்து, பீடம் கட்டி, கொடி ஏற்றிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. பீடம் வந்தால் பீடாதிபதி வருவார், அவர் பின்னால் கட்சிக்காரன் வருவான். 2019 ஆகஸ்டில் டெல்லி துக்ளகாபாத்தில் ரவிதாஸ் கோயிலை உச்சநீதிமன்ற உத்தரவின் பேரில் இடித்தார்கள். தெருவில் இறங்கிப் போராடியவர்களைச் சிறையில் போட்டார்கள். அக்டோபரில் அந்த இடத்தில் நானூறு சதுர மீட்டர் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். 2024இல், எங்கள் தெருப் பையன்கள் அல்வா கிண்டியதற்கு முந்தின நாள், பிரதமர் சீர் கோவர்த்தன்பூருக்குப் போய் ரவிதாஸ் சிலையைத் திறந்துவைத்தார். சிலைக்கு மாலை போட யாரும் தயார். வரி இல்லாத, பயம் இல்லாத, தரம் பிரிக்காத ஊரைக் கேட்கிற அந்தப் பாட்டுக்கு மாலை போட எவனும் தயாரில்லை. அதனால் சிலையைவிடப் பாட்டு முக்கியம்.

இந்த இடத்தில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். என் ஆயாவின் தம்பி, சின்ன தாத்தா, ராயபுரத்தில் மூட்டை தூக்கியவர். ராத்திரியானால் பஜனைக் கோயிலில் ஆர்மோனியத்தோடு உட்காருவார். சாவு வீடுகளுக்கும் கூப்பிடுவார்கள். பழைய பாட்டும் தானே கட்டிய பாட்டுமாக இருநூறு பக்கக் கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருந்தார். நந்தன் பாட்டும் இருந்தது. நான் எம்.ஏ. சேர்ந்தபோது "இத்த ஒரு தபா படிச்சிப் பாரு நைனா, தப்பு இருந்தா திருத்து" என்று நீட்டினார். சந்தப் பிழை இருக்கும் என்று முதல் பக்கத்திலேயே முடிவு கட்டிப் பரண் மேல் வைத்துவிட்டேன். சேக்கிழாருக்கு இரண்டு வருஷம் செலவழித்தவனுக்குச் சின்ன தாத்தாவுக்கு ஒரு சாயங்காலம் கிடைக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து வந்தது. வெள்ளத்துக்குப் பயந்து பரணை ஒழித்தபோது நோட்டு கீழே வந்திருக்கிறது. தண்ணி வடிந்த பிறகு அது கறுப்புக் களியாகக் கிடந்தது.

நந்தனுடைய பாட்டு எப்படித் தொலைந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். அவன் பாடியே இருக்க மாட்டான் என்று நான் நம்பவில்லை. பக்கத்தில் எழுதத் தெரிந்தவன் எவனும் அதைக் காதில் வாங்கவில்லை, அவ்வளவுதான். தில்லை அந்தணர் செய்ததை நான் என் வீட்டுக்குள்ளேயே செய்திருக்கிறேன்.

இதைப் படிக்கிற தோழர்கள், மாணவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சேரியில் பஜனைக் கோயில் இருக்கும், சாவுப் பாட்டுக்காரர் இருப்பார், நோட்டு வைத்திருக்கிற ஒரு பெரியவர் இருப்பார். இலக்கணம் பார்க்காமல் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். கோட்பாடு அப்புறம் பேசலாம். தொகுப்பு முதலில்.

நான் தொடங்கியிருக்கிறேன். சின்ன தாத்தாவோடு கூடப் பாடிக்கொண்டிருந்த என் அத்தைக்கு இப்போது எழுபதுக்கு மேல். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்காருகிறேன். இதுவரை பதினேழு பாட்டு கிடைத்திருக்கிறது. மூன்று நந்தன் பாட்டு. மூன்றிலும் ஆதனூர் முழுசாக வருகிறது, மாடு வருகிறது, பறை வருகிறது, சிதம்பரம் போகிற வழி வருகிறது. குழி வெட்டித் தீ மூட்டுகிற இடம் வந்ததும் அத்தை நிறுத்திவிடுகிறாள். மறந்துபோச்சா அத்தை என்று கேட்டேன்.

"மறக்கல. அத்த பாட மாட்டேன்."